அஞ்சு ஏக்கருக்கு ஒரே மெஷினா? - புல்வெட்டி வியாபாரத்தின் பெரிய பொய்

உலகத்திலேயே ரொம்பச் சுலபமாக ஏமாறக்கூடிய வாடிக்கையாளர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு முதல் முறையாகக் கார் வாங்குபவருக்குப் போகாது. கல்யாண மண்டபம் புக் பண்ணப் போகும் பெண்ணின் அப்பாவுக்கும் போகாது. ஆஸ்திரேலியாவில் ஊருக்கு வெளியே முதல் முறையாக அஞ்சு ஏக்கர் நிலம் வாங்கியவருக்குத்தான் போகும். இரண்டாம் பரிசும் அவருக்கே.

இந்த அஞ்சு ஏக்கர் ஆசாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேலை மெல்போர்னில், கம்ப்யூட்டர் முன்னால். நிலம் ஊருக்கு வெளியே ஒரு மணி நேரப் பயணத்தில். வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் புல்தரை. மிச்சம் நாலு ஏக்கர் 'பேடக்'. பேடக் என்றால் பெரிய விஷயம் இல்லை, வேலி போட்ட மேய்ச்சல் நிலம். விவசாயம் அவருக்குத் தொழில் இல்லை, ஆசை. அந்த ஊரில் இதை 'ஹாபி ஃபார்ம்' என்கிறார்கள். பக்கத்து நியூசிலாந்தில் 'லைஃப்ஸ்டைல் பிளாக்'. பெயரிலேயே தெரிகிறது, இது பிழைப்பு இல்லை, பொழுதுபோக்கு :-)

செப்டம்பரில் அங்கே வசந்தம் ஆரம்பம். அக்டோபர், நவம்பரில் புல் முழங்காலைத் தாண்டும். ஆசாமி பயந்துபோய் சனிக்கிழமை காலையில் மெஷின் கடைக்கு ஓடுகிறார். "அஞ்சு ஏக்கர் இருக்கு, எந்த மோவர் நல்லது?" என்று கேட்கிறார். கடைக்காரர் இரண்டே இரண்டு திருப்பிக் கேட்கிறார். பட்ஜெட் எவ்வளவு? எத்தனை ஹெச்.பி. வேண்டும்? அரை மணி நேரத்தில் பளபளவென்று ஒரு ஜீரோ டர்ன் மோவர் டிரெய்லரில் ஏறிவிடுகிறது. "இது ஒண்ணே போதும் சார், புல்தரையும் வெட்டும், பேடக்கும் வெட்டும்."

இந்த ஒரு வாக்கியம்தான் பொய். அதுவும் பணத்தை மட்டும் தின்னும் பொய் இல்லை. சில சமயம் ஆளையே தின்றுவிடும்.

இரண்டும் வேறு வேறு வம்சம்

புல்தரை வெட்டும் மெஷினின் பிறப்பு எங்கே தெரியுமா? துணி ஆலையில். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப் பக்கம் கம்பளித் துணி ஆலைகள் நிறைய. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சமமாகச் சீவி எடுக்க, சுருள் கத்தி வைத்த உருளை ஒன்று அந்த ஆலைகளில் இருந்தது. எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர் அதைப் பார்த்து, இதே வேலையைப் புல்லிலும் செய்யலாமே என்று யோசித்தார். 1830-ல் பேட்டன்ட் வாங்கினார். ஆக, புல்வெட்டியின் தாத்தா துணிக்குச் சவரம் செய்த மெஷின். அதன் வேலை ஏற்கனவே சமமாக இருப்பதை இன்னும் சமமாக்குவது.

ஆஸ்திரேலியாவின் செல்லப்பிள்ளையான விக்டா மோவரும் இதே வேலைக்கு வந்ததுதான். 1952-ல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டில் செய்தது. முதல் மாதிரியில் பெட்ரோல் டேங்க் என்ன தெரியுமா? பீச் பழம் அடைத்து வந்த காலி டின். அதுவும் வீட்டுக் கொல்லைக்கான மெஷின்தான். நாலு ஏக்கர் முள்ளுக்கும் கல்லுக்கும் யாரும் அதைச் செய்யவில்லை.

பேடக் வெட்டும் மெஷின் வேறு வம்சம். அமெரிக்காவில் அலபாமா மாநிலம் செல்மாவில் 1951-ல் 'புஷ் ஹாக்' என்ற பெயரில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ரோட்டரி கட்டர் வந்தது. ஆஸ்திரேலியாவில் இந்த வகைக்குப் பெயர் 'ஸ்லாஷர்'. புதர், சின்னச் செடி, காய்ந்த தண்டு எல்லாவற்றையும் அடித்து நொறுக்குவது இதன் வேலை. அழகு இதற்குத் தெரியாது.

உள்ளே இருக்கும் கத்தியைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். புல்தரை மோவரின் கத்தி சுழலும் தண்டில் இறுக்கி முடுக்கப்பட்டது. கல்லிலோ மரக்கட்டையிலோ மோதினால் அந்த அடி நேராகத் தண்டுக்கும் பேரிங்குக்கும் போகும். தண்டு வளையும், சில சமயம் தகட்டுக் கூடே பிளக்கும். ஸ்லாஷரில் கத்தி ஒரு கனமான வட்டத் தட்டின் ஓரத்தில் போல்ட்டில் ஆடுகிற மாதிரி தொங்குகிறது. கல்லில் பட்டால் கத்தி பின்னால் மடங்கும், பிறகு சுழற்சி வேகத்தில் தானாக நிமிரும். பேடக்கில் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதை ஒத்துக்கொண்டு செய்த மெஷின் அது. பழைய வேலிக் கம்பி, கால் அடி உயரக் கட்டை, எப்போதோ கீழே விழுந்த இரும்புக் குழாய், எல்லாம் முழங்கால் புல்லுக்குள் சமாதி ஆகியிருக்கும்.

திருப்பிப் போட்டாலும் கதை அதேதான். ஸ்லாஷரை வைத்து வீட்டு முன் புல்தரையை வெட்டினால், அம்மை போட்டு ஆறிய முகம் மாதிரி இருக்கும். ஒரு வேலைக்குச் சவரக்கத்தி, இன்னொரு வேலைக்கு வெட்டரிவாள். அரிவாளால் முகச்சவரம் செய்பவரைப் பார்த்தால் எல்லோரும் சிரிப்பார்கள். சவரக்கத்தியால் கருவேலமரம் வெட்டப் போகிறவரிடம் மட்டும் கடைக்காரர் பில் போட்டுக் கொடுக்கிறார்.

ஹெச்.பி. என்கிற மந்திர எண்

'எத்தனை ஹெச்.பி.?' என்ற கேள்விக்கு வரலாம். அமெரிக்காவில் 2004-ல் ஆரம்பித்த ஒரு வழக்கு உண்டு. புல்வெட்டி விற்ற, அதற்கு எஞ்சின் செய்த பெரிய கம்பெனிகள் பலவற்றின் மேல் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு. குற்றச்சாட்டு எளிமையானது: எஞ்சின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள ஹெச்.பி. மெஷினில் வருவதில்லை. கம்பெனிகள் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. 2010-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ரைட்-ஆன் மோவர் வாங்கியவருக்கு 75 டாலர் வரை, தள்ளிக்கொண்டு போகும் மோவர் வாங்கியவருக்கு 35 டாலர் வரை.

சூட்சுமம் 'கிராஸ்' என்ற வார்த்தையில். பி.காம். படிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கிராஸ் பிராஃபிட்டைக் காட்டி நெட் பிராஃபிட் மாதிரி பேசினால் என்ன பெயர்? எஞ்சினை மட்டும் தனியாக மேஜையில் வைத்து, சைலன்சர், ஏர் ஃபில்டர் போன்றவை இல்லாமல் அளப்பது கிராஸ். மெஷினில் மாட்டி, எல்லாச் சுமையும் ஏற்றி, கத்தியில் மிஞ்சுவது வேறு. அந்த வழக்குக்குப் பிறகு பல மெஷின்களில் ஹெச்.பி. ஸ்டிக்கர் போய், சி.சி.யும் டார்க்கும் வந்தன. ஆனால் வாங்குபவர் மனசில் ஒட்டிய ஸ்டிக்கரை எந்த நீதிமன்றமும் கிழிக்க முடியவில்லை. இன்றைக்கும் முதல் கேள்வி ஹெச்.பி.தான்.

கேட்க வேண்டிய எண் வேறு. அதைக் கண்டுபிடிக்க ஒரு குட்டிக் கணக்கு போதும். வெட்டும் அகலம் (மீட்டரில்) பெருக்கல் வேகம் (மணிக்குக் கி.மீ.), அதைப் பத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை ஹெக்டேர் என்று வரும். திரும்புவது, ஒன்றின் மேல் ஒன்று படிவது எல்லாவற்றுக்கும் இருபது சதவிகிதம் கழித்துக்கொள்ளலாம்.

வீட்டுப் புல்தரை ஒரு ஏக்கர், அதாவது 0.4 ஹெக்டேர். 42 அங்குல மோவர் 6 கி.மீ. வேகத்தில் போனால் மணிக்கு அரை ஹெக்டேர், 47 நிமிஷத்தில் வேலை முடியும். கடைக்காரர் தலையில் கட்டும் 60 அங்குல ஜீரோ டர்ன் 10 கி.மீ. வேகத்தில் போனால் 20 நிமிஷம். மிச்சம் 27 நிமிஷம். வருஷத்துக்கு 25 தடவை வெட்டினால் 11 மணி நேரம் லாபம். அதுவும் மரம், பூச்செடி, துணி காயப்போடும் கம்பி எதுவும் இல்லாமல் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருந்தால்தான். மரம் இருக்கும் தோட்டத்தில் 10 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் மிச்சமாகும் நேரத்தை ஆர்த்தோ டாக்டர் வாசலில் செலவழிக்கலாம்.

இப்போது பேடக் கணக்கு. நாலு ஏக்கர், அதாவது 1.6 ஹெக்டேர். ஒன்றரை மீட்டர் ஸ்லாஷர், மணிக்கு 5 கி.மீ. வேகம். மணிக்கு 0.6 ஹெக்டேர் ஆகிறது. ஒரு தடவை வெட்ட 2 மணி 40 நிமிஷம். வருஷத்துக்கு மூன்று தடவை என்றால் மொத்தம் 8 மணி நேரம்.

எட்டு மணி நேரம்! வருஷத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மிச்ச 8,752 மணி நேரம் அந்த டிராக்டர் ஷெட்டில் தூங்கும். எலி ஒயரைக் கடிக்கும், பேட்டரி இறங்கும், டயர் வெடிப்பு விடும். ஒரு சின்ன டிராக்டரும் ஸ்லாஷரும் சேர்த்து 25,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து 13,000-க்கு விற்றால் தேய்மானம் வருஷத்துக்கு 1,200. சர்வீஸ், இன்ஷூரன்ஸ் என்று ஒரு 400. மொத்தம் 1,600. எட்டால் வகுத்தால் மணிக்கு 200 டாலர். டீசல் இன்னும் ஊற்றவில்லை, ஓட்டுபவருக்குச் சம்பளம் போடவில்லை, அந்த 25,000-ஐ பேங்கில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நிலையான செலவு, மாறும் செலவு என்று முதல் வருஷப் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் இது. ஆனால் சிவப்பு பெயின்ட் அடித்த டிராக்டரைப் பார்த்ததும் படித்தவர்களுக்கே மறந்துபோகிறது.

ஆகவே, அஞ்சு ஏக்கர் ஆசாமிக்குச் சரியான பதில் இது. வீட்டுப் புல்தரைக்கு ஒரு சாதாரண மோவர் வாங்கட்டும். பேடக்குக்கு எதுவும் வாங்க வேண்டாம். டிராக்டரும் ஸ்லாஷரும் வைத்துத் தொழிலாகவே செய்யும் காண்ட்ராக்டரைக் கூப்பிடட்டும். அவர் கேட்கும் கூலியோடு மணிக்கு 200 என்ற எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். காண்ட்ராக்டர் வந்துபோகும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குவார். அதையும் கணக்கில் எழுதட்டும். அப்புறமும் டிராக்டர் ஜெயித்தால் தாராளமாக வாங்கலாம்.

சரிவு என்கிற எமன்

பணக்கணக்கு போகட்டும். இதுவரை சொன்னது பாக்கெட் சமாச்சாரம். இனிமேல் உயிர் சமாச்சாரம்.

ஜீரோ டர்ன் மோவருக்கு ஸ்டியரிங் வீல் பெரும்பாலும் கிடையாது, இரண்டு நெம்புகோல்தான். பின்னால் உள்ள இரண்டு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுழற்றித்தான் வண்டி திரும்புகிறது, நிற்கிறது. முன்னால் இருப்பவை ஆபீஸ் நாற்காலியின் சக்கரம் மாதிரி சும்மா சுற்றுபவை. சமதளத்தில் இது அற்புதம். ஈரப் புல் இருக்கும் சரிவில் பின்சக்கரம் வழுக்கினால் என்ன ஆகும்? திருப்பும் சக்தியும் போச்சு, நிறுத்தும் சக்தியும் போச்சு. இரண்டும் ஒரே நொடியில். அதற்குப் பிறகு மெஷின் எங்கே போக வேண்டும் என்பதைச் சரிவுதான் முடிவு செய்யும். ஆஸ்திரேலிய பேடக்குகளில் சரிவின் அடியில் என்ன இருக்கும்? பெரும்பாலும் 'டேம்' என்று அவர்கள் சொல்லும் குட்டை.

ரைட்-ஆன் மோவர்களோடு வரும் கையேடுகளில் பெரும்பாலானவை 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதே என்கின்றன. சில இன்னும் குறைவாகச் சொல்கின்றன. 15 டிகிரி என்றால் எவ்வளவு? நாலு மீட்டர் போனால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட ஏறுவது. கண்ணுக்கு 'இது ஒரு சரிவா' என்றுதான் தோன்றும். செல்போனிலேயே சரிவு அளக்கும் வசதி இருக்கிறது. ஒரு நீளமான பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் போனை வைத்தால் முடிந்தது. காசு செலவில்லாத இந்த அஞ்சு நிமிஷ வேலையை, மெஷின் வாங்கும் முன்னால் எத்தனை பேர் செய்கிறார்கள்?

டிராக்டர் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிராக்டரும் உருளும். அதனால்தான் ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர் எல்லாவற்றிலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் டிராக்டர் கவிழ்ந்து சாவது அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. ஓட்டுபவர்கள் திடீரென்று புத்திசாலி ஆகிவிடவில்லை, இரும்பு காப்பாற்றியது. அந்தச் சட்டமும் சீட் பெல்ட்டோடு சேர்ந்தால்தான் முழுப் பலன். மரக்கிளை இடிக்கிறது என்று சட்டத்தை மடக்கிவிட்டு ஓட்டினால் அது வெறும் அலங்காரம். மடக்கிய நிலையில் பெல்ட் போட்டால் அது அலங்காரத்தை விட மோசம், உருளும் மெஷினோடு ஆளைக் கட்டிப்போட்ட மாதிரி.

இங்கேதான் 'சீப்பா ஒரு பழைய டிராக்டர்' கோஷ்டி மாட்டுகிறது. சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 என்றால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் ஒரு தனி பாசம். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் அஞ்சு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. எட்மண்ட் ஹிலரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கே போனது இந்த வண்டிகளில்தான். எல்லாம் சரி, வரலாறு அருமை. ஆனால் தொழிற்சாலையில் இருந்து வரும்போது அதில் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்னால் மாட்டும் கருவிக்குச் சக்தி கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு, அந்த வண்டியில் சக்கரத்தோடு ஒரே கிளட்சில் கட்டுண்டது. ஓட்டுபவர் கிளட்சை மிதித்து நிறுத்தப் பார்ப்பார். பின்னால் சுழலும் கனமான ஸ்லாஷர் தன் வேகத்தால் கியர் பெட்டி வழியாகச் சக்கரத்தைத் தள்ளும். கிளட்ச் மிதித்தும் வண்டி முன்னால் போகும், வேலியோ குட்டையோ வரும் வரை. இதைத் தடுக்க 'ஓவர்ரன் கிளட்ச்' என்ற ஒரு சின்னப் பாகம் உண்டு. அது மாட்டியிருக்கிறதா என்று கேட்கக்கூடத் தெரியாதவருக்குத்தான் அந்தப் பழைய வண்டி விற்கப்படுகிறது.

கல் தெறிப்பது தனிக் கதை. அமெரிக்கத் தர விதியின்படி மோவர் கத்தியின் நுனி வேகம் நிமிஷத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 347 கி.மீ. 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் போட்ட உலகமே வாய்பிளந்த பந்து 161.3 கி.மீ.தான். அதில் பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட் இருந்தது. தோட்டத்தில் விளையாடும் குழந்தைக்கு இல்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரையான 25 வருஷத்தில், புல்வெட்டியால் காயம்பட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகள் 2 லட்சத்துக்கும் மேல். அந்த ஊர்க் குழந்தை மருத்துவர் சங்கம் 16 வயது ஆகாதவர் ரைட்-ஆன் மோவர் ஓட்டவே கூடாது என்கிறது. 'மடியில் குழந்தையை உட்கார வைத்து ஒரு ரவுண்டு' என்பது பாசம் இல்லை.

தீ வந்தால்?

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போனால் நேர்மை இல்லை. "காண்ட்ராக்டர் நினைத்த நேரத்தில் வர மாட்டார். புல் காய்ந்து தீக்காலம் வந்துவிட்டால் என்ன செய்வது? சொந்த மெஷின் இருந்தால் உடனே வெட்டலாமே?"

விக்டோரியா மாநிலத்தில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. 1969 ஜனவரி 8-ம் தேதி மெல்போர்னுக்கும் ஜீலாங்குக்கும் நடுவே லாரா என்ற ஊர்ப் பக்கம் வந்த தீ, காட்டுத் தீ இல்லை, புல் தீ. நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட 17 பேர் செத்துப்போனார்கள். புல்தானே என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் புல் 10 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்று அங்கே தீயணைப்புத் துறை சொல்வது சும்மா இல்லை.

ஆனால் இந்த எதிர்வாதத்தைக் கூர்ந்து பார்த்தால், அது சொந்த மெஷினுக்கு ஆதரவாக இல்லை. ஏன் என்றால், புல் காய்ந்த பிறகு வெட்டப் போவதே தப்பு. இரும்புக் கத்தி கல்லில் பட்டால் பொறி பறக்கும். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். விக்டோரியாவில் தீக்காலம் அறிவித்த பிறகு, புல்லுக்கு 9 மீட்டருக்குள் எஞ்சின் மெஷின் ஓட்டினால் பொறி தடுப்பானும், 9 லிட்டருக்குக் குறையாத தண்ணீர்த் தெளிப்பானோ தீயணைப்பானோ கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். சொந்த மெஷின் இருக்கும் தைரியத்தில் 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டு, ஜனவரி அனல் காற்றில் ஸ்லாஷரைக் கிளப்புபவர்தான் ஊருக்கே கொள்ளி வைப்பவர்.

காண்ட்ராக்டரை ஆகஸ்டிலேயே பேசி வைத்தால், புல் பச்சையாக இருக்கும்போதே முதல் வெட்டு முடியும். நவம்பர் கடைசியில் போன் போட்டால் அவர் வர மாட்டார்தான். தீபாவளிக்கு முதல் நாள் ரயில் டிக்கெட் கேட்டால் கிடைக்குமா? தப்பு ரயில்வே மேல் இல்லை. வீட்டை ஒட்டிய பகுதியை எப்படியும் சின்ன மோவர் பார்த்துக்கொள்ளும். தீ விஷயத்தில் முதலில் முக்கியம் அந்தப் பகுதிதான்.

வெட்டாமலே வெட்டும் வழி

பேடக் என்பது மேய்ச்சல் நிலம் என்று முதலிலேயே சொன்னது ஞாபகம் இருக்கலாம். புல்லை வெட்டும் மெஷின்களிலேயே பழையது நாலு கால் உள்ளது. ஆடு, மாடு சொந்தமாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து விவசாயியின் மாடுகளை மேய விட்டுக் கட்டணம் வாங்கும் முறைக்கு அங்கே 'அஜிஸ்ட்மென்ட்' என்று பெயர். செலவு என்று எழுதிய வரி வரவு என்று மாறும்.

இதிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. வேலி சரியாக இருக்க வேண்டும், தண்ணீர் வேண்டும். விக்டோரியாவில் ஒரே ஒரு ஆடு நிலத்தில் நின்றாலும் அந்த நிலத்துக்கு அடையாள எண் வாங்க வேண்டும். குதிரை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். மோவர் பையில் சேரும் ஈரப் புல்லைக் குதிரைக்குப் போட்டால், அது மெல்லாமல் விழுங்கி, வயிற்றில் நொதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். 'ராக்வொர்ட்' என்ற மஞ்சள் பூச்செடி குதிரையின் ஈரலை அழிக்கும் விஷம். பச்சையாக இருக்கும்போது கசப்பு என்று குதிரை தொடாது. வெட்டி வாட விட்டால் கசப்பு குறையும், விஷம் குறையாது. பேடக்கை அழகாக வெட்டிவிட்டுக் குதிரையை அவிழ்த்து விடுபவர், தானே விஷச் சாப்பாடு பரிமாறுகிறார். எதை வெட்டப் போகிறோம் என்று தெரியாமல் எதனால் வெட்டுவது என்று பேசுவதில் இதுதான் சிக்கல்.

யார் டிராக்டர் வாங்கலாம்?

டிராக்டரே பாவம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இருபது, முப்பது ஏக்கர் வைத்திருப்பவர், வைக்கோல் கட்டு தூக்குபவர், வேலிக்குக் குழி போடுபவர், மண் அள்ளுபவர், இவர்களுக்கு அது வருஷத்தில் நூறு, இருநூறு மணி நேரம் ஓடும். 1,600-ஐ இருநூறால் வகுத்தால் மணிக்கு 8 டாலர். அதே மெஷின், அதே விலை, கணக்கு மட்டும் தலைகீழ். அப்படிப்பட்டவர் ஸ்லாஷரின் அகலத்தை டிராக்டரின் பி.டி.ஓ. சக்திக்கு ஏற்ப எடுக்கட்டும். ஓர் அடி அகலத்துக்குச் சுமார் 5 ஹெச்.பி. என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆட்கள் நடமாடும் இடம் பக்கத்தில் இருந்தால், கல்லை அவ்வளவு தூரம் எறியாத 'ஃப்ளெயில்' வகையைப் பார்க்கட்டும். பேட்டரி மோவரும் இப்போது நன்றாகவே வந்துவிட்டது, சத்தமில்லை, புகையில்லை. வீட்டுப் புல்தரைக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் கத்தி அதே சவரக்கத்திதான், பெட்ரோல் போய் பேட்டரி வந்ததால் அது ஸ்லாஷர் ஆகிவிடாது.

ஆக, கடைக்குப் போகும் முன்னால் ஒரு பேப்பரில் எழுத வேண்டியவை:

1. உண்மையிலேயே வெட்ட வேண்டிய இடம் எவ்வளவு? அதில் புல்தரை எவ்வளவு, பேடக் எவ்வளவு?
2. மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு எத்தனை டிகிரி? குட்டை எங்கே?
3. புல்லுக்குள் என்ன கிடக்கிறது? என்ன செடி முளைக்கிறது?
4. வருஷத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் மெஷின் ஓடும்?
5. அந்த மணி நேரத்தால் வருஷச் செலவை வகுத்தால் என்ன வருகிறது?
6. ஓட்டப் போவது யார்? அவர் வயசு என்ன?
7. ரிப்பேர் ஆனால் பக்கத்தில் யார் பார்ப்பார்கள்?

இந்த ஏழுக்கும் பதில் எழுதிய பிறகு, எட்டாவதாக ஹெச்.பி.யைக் கேட்கலாம். அதற்குள் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே தேவைப்படாது. மீதிப் பேருக்கு எது வாங்கக் கூடாது என்றாவது தெரிந்திருக்கும்.

கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர் தொழில் மெஷின் விற்பது. 'உங்களுக்கு எதுவும் வேண்டாம் சார், காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்க' என்று சொன்னால் அவர் கடையை மூட வேண்டியதுதான். அவர் சொல்ல மாட்டார் என்பதால்தான் வாங்குபவர் வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. பேனா, பேப்பர், செல்போன். மொத்தச் செலவு பத்து நிமிஷம்.

டிஸ்கி: 25,000, 13,000, 400 எல்லாம் கணக்குக்காக வைத்த எண்கள். அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். எட்டு மணி நேரத்தால் வகுக்கும் வரை விடை பெரிதாக மாறாது :-)